பிளேன் பொட்டலுக்குப் போட்ட கையெழுத்து

கோவில்பட்டியிலிருந்து வந்த பந்தல்காரர்கள் விடியும்போதே நான்கு கம்பு நட்டுச் சாமியானா கட்டிவிட்டார்கள். தை மாதத்து முதல் வாரம். மழை குடித்த கரிசல் இன்னும் காயவில்லை. நடந்து வந்த எல்லோர் செருப்பிலும் மண் அப்பி, ஆளாளுக்கு ஓர் அங்குலம் வளர்ந்து நின்றோம். மேசைமேல் ஒரு கோப்பு, அதன்மேல் ஒரு பேனா. பக்கத்தில் நெய் ஊறிய அட்டைப் பெட்டிகளில் கடம்பூர் போளி.

போளியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. கையெழுத்து வாங்க வந்த அதிகாரிக்கு நாங்கள் பலகாரம் வாங்கிவைத்ததுண்டு. அதிகாரி எங்களுக்குப் பலகாரம் வாங்கிவந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்போது நான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள் அந்த நாற்காலிக்கு வந்த கதையைப் போன மாதமே சொல்லிவிட்டேன். அதைப் படித்துவிட்டுச் சிலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். 'எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் பட்டாளம் வைத்திருந்த மேய்ச்சல் நிலத்தை மீட்ட தலைவி' என்று ஒருவர். என் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று இன்னொருவர். அந்தக் கடிதங்கள் என் பீரோவில் இருக்கின்றன. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கிறது. அதனால்தான் அந்தக் கையெழுத்தைப் பற்றி இந்த வாரமே எழுதிவிடுகிறேன்.

போளியும் பேனாவும்

நிலத்தை வைத்திருந்த இலாகாவின் அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். சென்னைப் பக்கத்துப் பேச்சு. ரொம்ப மரியாதை. மரியாதை கூடக் கூட எனக்குச் சந்தேகமும் கூடிக்கொண்டே போனது.

காகிதத்தை முழுக்க வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது என் வழக்கம். வாசித்தேன். மூன்றாவது பத்தியில் அது இருந்தது. 'மேற்படி மேய்ச்சல் நிலம் முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டு, ராணுவப் பயன்பாட்டின் எச்சம் எதுவுமின்றி, நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாறே பெற்றுக்கொண்டோம்.'

"இந்த வரிய மட்டும் எடுத்துட்டா இப்பமே போட்டுருதேன்" என்றேன்.

"அது ஃபார்மட் மேடம். எல்லா ஊருக்கும் இதேதான்."

"எல்லா ஊர் மண்ணும் இதேதானா சார்?"

அவர் சிரித்தார். போன மாதம் மிஷின் வைத்துச் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியதையும், விமான ஓடுபாதைத் தாரை உடைத்து அள்ளியதையும், காந்த வண்டி ஓட்டி இரும்பைப் பொறுக்கியதையும் படம் படமாகக் காட்டினார். எல்லாம் உண்மைதான். நானே நின்று பார்த்தேன். ஆனால் அவர்கள் பொறுக்கியது மார்கழியில்.

"சார், கரிசல் இப்ப வாய மூடிட்டுக் கெடக்கு. மழையக் குடிச்சு உப்பிப்போயிருக்கு. சித்திரையில வாயத் தொறக்கும். அப்ப வாங்க. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போடுதேன்."

பேனாவை மூடி வைத்தேன். கடைசி வரிசையில் நுனியில் கொக்கி கட்டிய தொரட்டிக் கம்பைத் தோளில் வைத்து நின்ற என் தம்பி குருசாமி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். நொண்டி நொண்டி நடந்தான். போளியை யாரும் தொடவில்லை.

சண்டை முடிஞ்சதும்...

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது என் அப்பாவுக்கு விவரம் தெரிந்த வயது. மூன்று ஊர் ஆடுமாடுகளுக்கும் பொதுவாகக் கிடந்த மேய்ச்சல் காட்டில் விமானம் இறங்கப்போகிறது, ஒரு வாரத்துக்குள் தொழுவங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று தமுக்கு அடித்தார்களாம். கூடவே ஒரு வாக்குறுதியும் வந்தது. சண்டை முடிந்ததும் தந்துவிடுவோம்.

உடைமரங்களை வெட்டினார்கள். எங்கிருந்தோ செம்மண் சரளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கரிசல்மேல் கொட்டி, அதன்மேல் தார் ஊற்றினார்கள். சுற்றிலும் இரண்டாள் உயரத்துக்கு முள்கம்பி. இறங்கிய விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார் அப்பா. ஊர்க்காரர்கள் அதற்குப் பிளேன் பொட்டல் என்று பெயர் வைத்தார்கள்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரனும் போனான். தூக்கிப் போக முடிந்ததைத் தூக்கிப் போனார்கள், முடியாததை அங்கேயே குழி தோண்டி மூடினார்கள், மிச்ச முள்கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்கள். நிலத்தை மட்டும் தரவில்லை. ஓர் இலாகாவிடமிருந்து இன்னோர் இலாகாவுக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. 'அத்துமீறி நுழையாதே' என்ற பலகையைப் புதுசு புதுசாக மாற்றினார்கள். எங்கள் நிலத்துக்குள் நாங்களே வேலி நுழைந்துதான் விறகு பொறுக்கினோம்.

அப்படிப்பட்ட நிலத்தைத் தருகிறோம் என்று ஒருநாள் கடிதம் வந்தால் யாருக்குச் சந்தோஷம் வரும்? டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு. அடியில் மண்ணெண்ணெய் ஊறிப் புல் முளைக்காது என்று கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால் நம் தலையில் கட்டுகிறார்கள் என்றார் ஒருவர். சோலார் கம்பெனிக்காரன் நேரடியாகக் கேட்டால் பேர் கெட்டுப்போகும், அதனால் பஞ்சாயத்து கைக்கு மாற்றி நம்மிடமிருந்து வாங்கப் பார்க்கிறான் என்றார் இன்னொருவர். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்பது எல்லோருக்கும் பொதுவான முடிவு.

செவலையின் வயிறு

கரிசல்காட்டில் பிறக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மண் எதையும் வைத்துக்கொள்ளாது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முழங்கை வரைக்கும் உள்ளே விடலாம், சில இடத்தில் தோள் வரைக்கும். மேலே கிடப்பது எல்லாம் அந்த வெடிப்பில் விழும். மழை வந்ததும் மண் உப்பி வெடிப்பு மூடிவிடும். மூடி, திரும்பக் காய்ந்து, திரும்ப உப்பி, அடியில் கிடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். எங்கள் ஊரில் அதைக் கக்குதல் என்போம்.

பிளேன் பொட்டல் என் சின்ன வயது முழுக்கக் கக்கிக்கொண்டே இருந்தது. தோட்டாக் கூடு பொறுக்கி ஊதல் ஊதினோம். பச்சைக் கண்ணாடிச் சில்லை வைத்துப் பாண்டி ஆடினோம்.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பசு இருந்தது. வேலி இடைவெளியில் புகுந்து அந்தப் பொட்டலில் மேய்ந்துவிட்டு வரும். ஒருநாள் தீவனத்தைத் தொடவில்லை. முதுகை வளைத்து, முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. ஓடைச் சரிவில் இறக்கும்போது முனகியது. மாடு முனகுவதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். பத்து நாளில் செத்துப்போனது.

அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஒரு விரல் நீளத்துக்கு முள்கம்பி. நெஞ்சுப் பக்கமாகக் குத்தி ஏறியிருந்தது. அப்பா அதைத் தண்ணீரில் கழுவிக் கூரை விளிம்பில் செருகி வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ரொம்ப வருடம் அது அங்கேயே இருந்தது.

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். வேண்டாததை ஒதுக்கிவிடும். மாட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நாக்கை வளைத்துப் புல்லோடு கிடப்பதையும் சுருட்டி விழுங்கிவிடும். தை மாதத்தில் அந்தப் பேனாவை மூடியபோது எனக்கு நினைவில் வந்தது செவலைதான்.

காந்தம் கட்டிய கயிறு

அதிகாரி சித்திரை முடியும்வரை தவணை கொடுத்தார். காரில் ஏறும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மேடம், உங்களுக்காக வெயிட் பண்றேன். ஆனா இந்த நிலத்தைக் கேட்டு வேற ஒருத்தங்களும் மனு குடுத்திருக்காங்க. சித்திரை தாண்டிட்டா ஃபைல் மேல போயிடும். அப்புறம் என் கையில இல்ல."

இதை மிரட்டல் என்று எடுப்பதா, அக்கறை என்று எடுப்பதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஊர் என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தது. கம்பெனிக்காரனிடம் பேசிவைத்துக்கொண்டுதான் இழுத்தடிக்கிறாள் என்றார்கள். நான் நடந்துபோனால் பேச்சு நின்றது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எட்டயபுரம் வரைக்கும் காலியாகவே வந்தது.

குருசாமி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். அவன் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவனிடம் நூறு உருப்படிக்குக் குறையாமல் செம்மறி இருந்தது. ஊரைச் சுற்றி நான்கு பக்கமும் வேலி வந்துவிட்டது. காற்றாலை ஒரு பக்கம், சோலார் ஒரு பக்கம், வீட்டுமனைக் கல் ஒரு பக்கம். கோடை வந்தால் கிடையை ஓட்டிக்கொண்டு மேற்கே மலையடிவாரம் வரைக்கும் நடப்பான். அதற்கு முந்தின வருடம் ரோட்டில் ஆட்டை ஒதுக்கும்போது ஒரு லோடு வண்டி அவன் கணுக்காலில் ஏறிவிட்டது. எலும்பு கூடியது, நடை கூடவில்லை. வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு தடவை சொன்னான்.

"எக்கா, இனி மேக்க நடக்க என்னால ஏலாது. பொட்டல் வந்தா ஆடு இருக்கும். வரலைன்னா எட்டயபுரம் சந்தைக்கு ஏத்திவிட்டுட்டு, மில்லு வாசல்ல வாச்மேனா உக்காந்துருதேன்."

அந்த மாசியில்தான் செய்யது அண்ணாச்சியைப் பொட்டலில் பார்த்தேன். கோவில்பட்டியில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். உச்சி வெயிலில் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டே நடந்தார். தோளில் ஒரு சாக்கு. இரண்டு மூன்று நாள் வந்தார். பிறகு வரவில்லை.

என் புத்தி உடனே ஓடியது. இந்த மனுஷனை யார் அனுப்பினார்கள்? மண் கக்குவதை அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் சித்திரையில் நான் காட்டுவதற்கு என்ன இருக்கும்? பொய் சொன்னவள் நான் என்றாகிவிடும்.

சுத்தமான சித்திரை

சித்திரை பிறந்தது. அந்த வருடம் நல்ல காய்ச்சல். பொட்டல் முழுக்க வெடித்துக் கிடந்தது. காலையில் ஒரு சாக்கோடு போனேன். அதிகாரியின் மேசையில் கொட்டுவதற்கு ஒரு சாக்கு இரும்பு வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஓர் ஆணிகூட இல்லை. விளக்குமாறு போட்டுப் பெருக்கிய வாசல் மாதிரி இருந்தது. பிளேன் பொட்டல் என் ஆயுசில் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

மறு பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போய், ரயில் நிலையம் போகிற வழியில் உள்ள செய்யது அண்ணாச்சி கடையில் இறங்கினேன். படியேறும்போதே கோபம்.

"அண்ணாச்சி, பொட்டல்ல எடுத்த இரும்பெல்லாம் எங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க தங்கச்சி. வெயில்ல வந்திருக்கீங்க. கலர் குடிக்கீங்களா?"

"கலரெல்லாம் வேண்டாம். ஒங்கள அனுப்புனது யாரு? ஆபீஸா, கம்பெனியா?"

அவர் மூலையைக் காட்டினார். ஒரு சிமெண்டு மூட்டையில் பாதிகூட நிறையவில்லை. துருப்பிடித்த வளையங்கள், கொஞ்சம் கம்பி.

"இம்புட்டுத்தான் எடுத்தேன். யாரும் அனுப்பல. நீங்க பந்தல்ல கையெழுத்துப் போடாம எந்திரிச்ச கதையக் கேட்டேன். இரும்பக் கண்டா சும்மா இருக்க முடியாத ஆளு நான், அதான் வந்தேன். மூணாவது நாளே உங்க ஊர்க்காரவிய சுத்தி நின்னுக்கிட்டாவ. இங்கன வராதிய பாய், எங்க நெலத்த நாங்க பாத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாவ."

"யாரு சொன்னா?"

"அத என் வாயால சொல்லமாட்டேன் தங்கச்சி. வெடிப்புல கைய விட்டுப் பாருங்க."

கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

குருசாமியின் நியாயம்

சாயந்திரம் பொட்டலில் குத்தவைத்து ஒரு வெடிப்பில் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் இறங்கியதும் விரலில் கம்பி முள் ஏறியது. உருவ முடியவில்லை. யாரோ கம்பியைச் சுருட்டி, கம்பால் குத்தி ஆழத்துக்கு இறக்கியிருந்தார்கள். அடுத்த வெடிப்பிலும் அப்படியே. அதற்கடுத்ததில் தகர வளையம். வெடிப்பின் விளிம்பு மண்ணில் தொரட்டிக் கொக்கி கீறிய தடம் தெரிந்தது. எங்கள் ஊரில் கொக்கியை வலதுபக்கம் வளைத்துக் கட்டுகிறவன் ஒருத்தன்தான்.

ஆட்டுக் கிடைக்குப் போனேன். குருசாமி ஒரு குட்டிக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தான். என் விரலில் ரத்தத்தைப் பார்த்தான். மறைக்க முயலவில்லை.

"நான் மட்டும் இல்ல. ஊரே சேந்துதான் செஞ்சோம்" என்றான்.

"ஏலே, கக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். யாருக்குத்தான் தெரியாது? ரெண்டு மழை, மூணு மழை தாங்கும். அதுக்குள்ள நெலம் நம்மளதாயிரும். அப்பொறம் அது கக்கட்டும், நான் பொறுக்கிக்கிடுதேன். ஆயுசுக்கும் பொறுக்குதேன்."

"இப்பமே பொறுக்கி வெளிய போட்டிருக்கலாம்லா?"

"எந்தக் காலோட? அம்புட்டுக் கம்பியையும் சுமந்து ஊருக்குள்ள கொண்டாந்தா மொத ஆளா நீதான அள்ளிட்டுப் போயி ஆபீஸர்கிட்ட காட்டுவ. செய்யது பாய்கிட்ட குடுத்தா அவரு ஒங்கிட்ட சொல்லிருவாரு."

"மாடு மேயுமேலே."

அவன் குட்டியைக் கீழே விட்டான். "ஆடு பாத்துத்தான் திங்கும் எக்கா. எங்க கிடையில கம்பி தின்னு ஒண்ணுகூடச் செத்ததில்ல."

ஆட்டுக்காரனுக்கு ஆடு மட்டும்தான் தெரியும். மாடு என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. நானும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. அவன் கணுக்கால் தண்ணீர் கோத்து, கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போட்டேன்

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். பந்தல் இல்லை. மேசையும் கோப்பும் மட்டும். திரும்பவும் போளி.

பொட்டலைச் சுற்றி நடந்தார், படம் எடுத்துக்கொண்டார். ஊரே அவர் பின்னால் நடந்தது. ஓரிடத்தில் நின்று, பேன்ட்டை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

"செம ஆழம்" என்றார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "சுத்தமாத்தான் இருக்கு மேடம். இப்ப ஓகேவா?"

அவர் கண்ணில் பட்டதா, படவில்லையா? பட்டிருந்தால் ஏன் சொல்லவில்லை? எங்கள்மேல் இரக்கமா, தன் கோப்பு முடிய வேண்டும் என்ற அவசரமா? இத்தனை வருடத்தில் நானாக நூறு பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வெடிப்பைக் காட்டி, கையை விடுங்கள் சார் என்று சொல்லியிருந்தால் போதும். காகிதத்தில் அதே மூன்றாவது பத்தி. எச்சம் எதுவுமின்றி. அவ்வாறே பெற்றுக்கொண்டோம். குருசாமி தொரட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள், உண்மை தெரிந்த ஒரே காகிதத்தில் பொய்யென்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்.

மாலை போட்டார்கள். பத்திரிகைக்குப் படம் எடுத்தார்கள். இந்தத் தடவை போளி தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

பேச்சியம்மாளின் மாடு

நிலம் எங்களுடையதாயிற்று. சரளை கிடந்த இடமெல்லாம் கண்மாயிலிருந்து கரம்பை மண் எடுத்துக் கொட்டினோம். கொழுக்கட்டைப் புல் விதைத்தோம். இரண்டாவது ஐப்பசியில் புல் முழங்காலைத் தொட்டது. குருசாமியின் கிடை அங்கேயே நின்றது. அவன் மேற்கே நடக்கவில்லை. அதற்கு நான் இன்றும் சந்தோஷப்படுகிறேன், மறைக்கவில்லை.

குருசாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கோடையில் கோணியை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பொறுக்கினான். நான் செய்யது அண்ணாச்சியைப் போய்க் கூப்பிட்டேன். அவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் காந்தத்தோடு வந்தார். ஒவ்வொரு சித்திரையிலும் மூவரும் நடந்தோம். நாங்கள் எடுத்ததைவிட மண் கக்கியது அதிகம்.

போன கார்த்திகையில் பேச்சியம்மாளின் மாடு செத்தது.

பேச்சியம்மாள் எனக்கு மதினி முறை. கடைசித் தெருவில் இருக்கிறாள். வெடிப்புக்குள் கம்பி இறக்கிய சங்கதியை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவள் மகள் நர்சிங் படித்தது அந்த மாட்டுப் பாலில்தான். மாடு முதுகை வளைத்து, முன்னங்காலை அகட்டி நின்றது என்று சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டவுனிலிருந்து வந்த மாட்டு டாக்டர் அறுத்துக் காட்டினார். விரல் நீளத்துக்கு முள்கம்பி.

கம்பியைப் புதைத்தவர்கள் உட்பட ஊரே உடனே சந்தேகப்பட்டது. யாரை? சோலார் கம்பெனியை. அவன் வேலியில் வெட்டிப்போட்ட கம்பியைத்தான் மாடு தின்றிருக்கிறது என்றார்கள். கம்பெனி வாசலில் உட்கார வேண்டும், முன்னால் தலைவரம்மா உட்கார வேண்டும் என்றார்கள். பதவி போனாலும் ஊரில் எனக்கு அதே பெயர்தான்.

உட்கார்ந்தேன். கம்பெனி ஆள் ஒருவர் வெளியே வந்து தங்கள் வேலிக் கம்பி ஒரு துண்டைக் காட்டினார். "அம்மா, எங்க கம்பி மெல்லிசு, வெள்ளையா இருக்கு. நீங்க வச்சிருக்கது தடிக் கம்பி. ஒத்துப் பாருங்க" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

"துருப்பிடிச்சா எல்லாக் கம்பியும் ஒண்ணுதான்" என்றேன் நான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். கூட்டம் கைதட்டியது.

திரும்பி வரும் வழியில் செய்யது அண்ணாச்சி மொபெட்டை நிறுத்தினார். கம்பியைக் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடம் இரும்பு பார்த்த கை.

"தங்கச்சி, இந்தக் கம்பிக்கு உங்க அப்பா வயசு" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நான் அந்த இலாகா அலுவலகத்துக்குப் போய், பொட்டலை ஆழமாகத் தோண்டிச் சலித்துத் தர வேண்டும் என்று மனு கொடுத்தேன். பழைய அதிகாரி மாறிப்போயிருந்தார். புதியவர் கோப்பை எடுத்து, மூன்றாவது பத்தியில் விரலை வைத்து, அதன்கீழே என் கையெழுத்தைக் காட்டினார். "நல்ல நிலையில பெற்றுக்கொண்டோம்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார். அவர்மேல் சந்தேகப்பட எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்று குருசாமியிடம் சொன்னேன். "எழுதாத எக்கா. நெலத்தத் திரும்பப் புடுங்கிருவானுவ" என்றான். பிறகு, "எம் பேரப் போடுத?" என்று கேட்டான். "போடுதேன்" என்றேன். எழுந்து ஆட்டுக்குப் போனான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வாரம் பேச்சியம்மாள் கண்மாய்க் கரையில் என்னைப் பார்த்தாள். தொழுவம் காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை என்று அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, ஒன்ன மாதிரி சந்தேகப்படுத ஆளு ஒண்ணு இருக்கப் போயித்தான் இந்த ஊரு தப்பிச்சு நிக்குது" என்றாள். கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றேன்.

இந்தப் பத்திரிகை வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வரும். பேச்சியம்மாளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். லீவுக்கு வந்திருக்கும் மகள்தான் இந்தத் தொடரை ஒரு வரி விடாமல் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறாள். கடைசித் தெருவிலிருந்து என் வீட்டுக்கு இருநூறு அடி இருக்கும். வியாழக்கிழமை நான் எங்கேயும் போகவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு வீட்டில்தான் இருப்பேன்.